திண்ணையில் கழிந்த முதல் வருஷம்

ஐந்து வயதுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் 'வைத்தார்கள்' என்பது நம் பாட்டன்மார் வழக்கு. 'சேர்த்தார்கள்' என்ற சொல் இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டது என்றாலும், பழைய சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. அருமையான பொருளொன்றை நம்பிக்கையுள்ள இடத்தில் வைத்துவிட்டு வருகிறவன், கையை எடுத்துக்கொண்டாலும் கண்ணை எடுப்பதில்லை. முதல் வகுப்பில் பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்கும் இன்றைய தாய் தந்தையர், உள்ளே என்ன நடக்கிறது, எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிவிட்ட எழுத்தைத் தம் பிள்ளை ஏன் இன்னும் எழுதவில்லை என்று கலங்குவதைக் காணும்போதெல்லாம், இக்கேள்விகளைக் கேட்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லாதிருந்த ஒரு காலம் தமிழ்நாட்டில் இருந்தது என்பது என் நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் பள்ளிக்கூடம் தெருத்திண்ணையில் நடந்தது. பிள்ளையின் குரல் அடுப்பங்கரை வரையில் கேட்டது. அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தையின் முதல் வருஷம் எவ்வாறு கழிந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தொடக்கம் வீட்டில்தான். 1823ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், சென்னை ராஜதானியைச் சேர்ந்த பெல்லாரி ஜில்லாவின் கலெக்டராயிருந்த காம்பெல் துரை தம் மேலதிகாரிகளுக்கு எழுதியனுப்பிய அறிக்கையில் அந்தச் சடங்கைக் கண்ணால் கண்டதுபோல வருணித்திருக்கிறார். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதும் உபாத்தியாயரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அனைவரும் அந்த வீட்டுக்கு அழைக்கப்படுகிறார்கள். விநாயகர் திருவுருவத்தைச் சுற்றி எல்லோரும் வட்டமாக உட்கார, புதுப் பிள்ளை அதற்கு நேர் எதிரே உட்கார்த்தி வைக்கப்படுகிறது. தூபமும் நைவேத்தியமும் ஆனபின், உபாத்தியாயர் பக்கத்தில் அமர்ந்து ஒரு பிரார்த்தனையைச் சொல்லவைத்து, குழந்தையின் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் தெய்வத்தின் நாமத்தை எழுதச் செய்கிறார். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நாடாயினும், தமிழ்நாட்டு வித்தியாரம்பமும் இதற்கு மாறுபட்டதன்று. இங்கே விஜயதசமி அதற்குச் சிறந்த நாள். யாழ்ப்பாணத்தில் விஜயதசமியோடு தைப்பூசத்திலும் 'ஏடு தொடக்கு'வார்கள். 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. சித்தர்க்கு வணக்கம் கூறும் அச்சொற்றொடர் சமணர் வைத்துவிட்டுப் போன சுவடு என்றும், பள்ளி என்ற சொல்லே அவர்கள் தங்கியிருந்த பள்ளிகளிலிருந்து வந்ததென்றும் அறிஞர் கருதுவர். வைதிக வீட்டுக் குழந்தையும் சமணர் தந்த வணக்கத்தோடு எழுத்தறிவுக்குள் நுழைந்திருக்கிறது என்பதை எண்ணும்போது மனம் குளிர்கிறது.

இச்சடங்கில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. குழந்தை பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகுமுன் பள்ளிக்கூடம் குழந்தையைத் தேடி வந்தது. மறுநாள் காலையில் திண்ணையில் காணப்போகும் முகங்களை எல்லாம் முந்தின நாளே தன் வீட்டில், தன் தாயார் கையால் பொரியும் கடலையும் வாங்கித் தின்ற முகங்களாக அது கண்டுவிட்டது. புது இடத்துக்கு அஞ்சி அழும் குழந்தையின் அச்சத்தில் பாதி இதனாலேயே கழிந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடம். அதற்கென்று தனிக் கட்டடம் அரிது. உபாத்தியாயர் வீட்டுத் திண்ணையோ, ஊரில் வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரநிழலோ போதும். உபாத்தியாயரை வாத்தியார் என்றும் கணக்காயர் என்றும், திருநெல்வேலிச் சீமையில் அண்ணாவி என்றும் அழைத்தார்கள். புதுப் பிள்ளையின் முன்னே மணல் பரப்பப்பட்டது. ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வர இன்னும் நாளாகும். இப்போதைக்கு ஆட்காட்டி விரலே எழுத்தாணி. 'ஆனா' என்று பெரிய பையன் ஒருவன் சொல்லிக்கொண்டே மணலில் இழுத்துக் காட்ட, 'ஆனா' என்று சொல்லிக்கொண்டே சின்னப் பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டும். 'ஆவன்னா' என்று அடுத்தது. கண் காண, வாய் சொல்ல, விரல் உணர, ஓர் எழுத்து மூன்று வழியாக உள்ளே போயிற்று. மணலில் எழுதும்போது விரல் நுனி மட்டும் அசைவதில்லை, மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து அசைகின்றன. பிஞ்சுக் கைக்கு ஏற்ற பெரிய எழுத்து தானே அமைகிறது. பிழைபட்டால் உள்ளங்கையால் ஒரு தடவல். பிழை போன இடம் தெரியாது. இத்தனை நாளில் இத்தனை எழுத்து என்ற கணக்கும் அங்கே இல்லை. ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தும் வகுப்பு என்ற ஏற்பாடு திண்ணைக்குத் தெரியாது. கை பழகிய பிள்ளை ஓலைக்குப் போகும், பழகாத பிள்ளை மணலிலேயே இருக்கும். இரண்டு மாதம் கூடுதலாக மணலில் இருந்த பிள்ளை மந்தபுத்தியுள்ளது என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்த மணல் கடல் கடந்து போன கதையையும் இங்கே சொல்லவேண்டும். 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரிலிருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தம் விடுதியில் எழுத்துக் கற்பிக்கும் முறை சரியாக நடக்காததைக் கண்டு வருந்திக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் குதிரையேறிப் போகும் வழியில் நம் பிள்ளைகள் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டார். அதை 'மலபார்ப் பள்ளிக்கூடம்' என்று அவர் குறித்திருக்கிறார். தமிழரை மலபாரியர் என்றழைப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கம். விடுதிக்குத் திரும்பித் தம் உதவி ஆசிரியர்களிடம் இம்முறையைக் கைக்கொள்ளச் சொன்னபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக ஏற்படுத்தினார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டபின், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவி, அந்நாட்டு ஏழைக் குழந்தைகள் மணல் பரப்பிய பலகைகளில் தங்கள் மொழியின் எழுத்துக்களை விரலால் எழுதினார்கள். நம் பள்ளிக்கூடங்களின் குறைகளைத் தயங்காமல் எடுத்துச் சொன்ன காம்பெல் துரையே, எழுத்துக் கற்பிப்பதில் இங்குள்ள சிக்கனமும், தேறிய பிள்ளை தேறாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் மெச்சத்தக்கவை என்றும், இங்கிலாந்து அவற்றைப் பின்பற்றியது தகுதியே என்றும் எழுதியிருக்கிறார்.

மணலிலிருந்து ஓலைக்குப் போகும் நாள் பிள்ளைக்கு ஒரு பெரிய நாள். பனையோலையை வாரிச் சமமாக நறுக்கி, உபாத்தியாயர் தம் கையால் எழுத்துக்களைக் கீறிக் கொடுப்பார். பார்த்து எழுதுவதற்கான அந்த ஓலைக்கு மேல்வரிச் சட்டம் என்று பெயர். எழுதின மட்டில் ஓலையில் எழுத்து நன்றாகத் தெரிவதில்லை. வெறும் கீறலாகவே இருக்கும். மஞ்சளும் வசம்பும் கரியும் ஊமத்தையிலைச் சாறும் கூட்டிய மையை மேலே பூசித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் மை தங்கி எழுத்து எழுந்து நிற்கும். இந்த மை வீட்டில் கூட்டப்பட்டது. வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்றொரு பெயர் உண்டு. தொட்டில் குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கு எந்தக் கிழங்கைச் சுட்டு இழைத்துக் கொடுத்தாளோ, அதே கிழங்கை அதே கல்லில் அந்தப் பிள்ளையின் சுவடிக்காக ஒரு தாய் இழைத்தாள் என்பது எவ்வளவு அழகான தொடர்ச்சி!

அந்த ஓலையைச் சற்று அருகில் வைத்துப் பார்த்தால், முதல் வருஷத்துப் படிப்பு ஏன் மனப்பாடமாக இருந்தது என்பது விளங்கும். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளி வைப்பதில்லை. ஆதலால் 'க' என்பதும் 'க்' என்பதும் ஒரே வடிவம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை காட்டப்படவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளியும் கிடையாது. இத்தகைய ஏட்டை, அதில் என்ன இருக்கிறது என்று முன்பே அறியாத ஐந்து வயதுக் குழந்தை படிப்பது இயலாத காரியம். ஆகவே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலில் காதுவழியாக ஏறின. வாய் அவற்றைத் தடையின்றிச் சொல்லப் பழகியபின், அந்தச் சொற்களைக் கண் ஏட்டில் போய் அடையாளம் கண்டுகொண்டது. தனக்குத் தெரிந்த பாட்டையே ஏட்டில் சந்தித்த குழந்தைக்குப் படிப்பு என்பது பழகினவரைத் தெருவில் காண்பதைப் போன்ற மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அச்சுப் புத்தகத்தில் புள்ளியும் இடைவெளியும் எல்லாம் இருக்க, இன்றைய குழந்தைகள் கண்ணால் முதலில் படித்துப் பிறகு வாய்க்குக் கொண்டுவருகிறார்கள், அதில் தவறில்லை. எனினும், கதையும் பாட்டும் காதில் நிறைந்த பிள்ளைக்கு எழுத்து எளிதில் வசப்படுவதை எந்த வீட்டிலும் இன்றும் காணலாம்.

கணக்கும் காதுவழியாகவே வந்தது. பொன்னிலக்கம் நெல்லிலக்கம் என்ற எண்சுவடிகளைப் பிள்ளைகளுக்குத் தலைவனாகிய சட்டாம்பிள்ளை முறைவைத்துச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்வார்கள். ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியிலிருந்து தொடங்கி, அரைக்காணி, காணி, அரைமா, மா, வீசம், அரைக்கால், கால் என்று ஏறும் அந்தப் பின்னங்களை இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னாலும் மலைக்கும். ஆனால் அன்றைய பிள்ளைக்கு அவை வெறும் எண்களாக வரவில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று காலையில் திண்ணையில் கத்திவிட்டு உள்ளே போகும் பிள்ளையின் கண்ணெதிரே, தாயார் அதே ஆழாக்கையும் உழக்கையும் கையில் வைத்துக்கொண்டு அரிசி அளந்துகொண்டிருந்தாள். தகப்பனார் களத்துமேட்டில் அதே குறுணியாலும் கலத்தாலும் நெல் அளந்தார். பள்ளிக்கூடத்து எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றாயிருந்தபடியால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் கணக்கைச் சோதிக்க வல்லவளாயிருந்தாள். முதல் வருஷத்துப் படிப்பில் வீட்டாருக்கிருந்த பங்கு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் புலப்படவில்லை.

நாளின் கிரமம் கடுமையானது. இருள் பிரியும்போதே பிள்ளைகள் திண்ணைக்கு வரவேண்டும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவமாகச் சரஸ்வதியின் பெயரும், இரண்டாவதாக வரும் பிள்ளையின் கையில் ஒரு சுழியும் எழுதப்பட்டன என்றும், மூன்றாவது பிள்ளைக்கு மெல்ல ஓர் அடி, நான்காவதற்கு இரண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கூடுதல் என்றும் காம்பெல் துரை எழுதுகிறார். உத்தமதானபுரத்திலும் அரியலூரிலும் 1860ஐ ஒட்டிய வருஷங்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் படித்த மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதியபோது, அந்த விடியற்காலைகளும் பிரம்பும் அவர் நினைவில் பசுமையாகவே இருந்தன. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை நாட்களில் படிப்பில்லை. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டமடித்து வீடுவீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். கிடைத்த காசும் தானியமும் உபாத்தியாயரைச் சேரும்.

அவருடைய ஜீவனம் அப்படித்தான் நடந்தது. சென்னைக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822இல் உத்தரவிட்டு ஜில்லாதோறும் சேகரித்த விவரங்களைத் தொகுத்து, 1826ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10ஆம் தேதி எழுதிய குறிப்பில், ராஜதானியிலிருந்த 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிக்கூடங்கள், அதாவது ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒன்று இருந்ததாகக் கணக்கிட்டார். பிள்ளை ஒன்றுக்கு மாதம் நாலணா முதல் ஆறணா, எட்டணா வரை சம்பளம். உபாத்தியாயர்கள் மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் சம்பாதிக்கவில்லை, தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு இழுக்க இது போதாது என்று அவர் வருந்துகிறார். அதே குறிப்பில் என் கவனத்தை ஈர்க்கும் செய்தி வேறொன்று: சென்னைப் பட்டணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமானவர்கள் வீட்டிலேயே படித்ததாகக் கலெக்டர் தெரிவித்திருந்தார். அந்தத் தொகையில் பிழையிருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார் என்றாலும், வீட்டில் உறவினரும் தனி உபாத்தியாயரும் சொல்லிக்கொடுப்பது பெருவழக்கு என்பதை அவர் மறுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின், அந்தத் திண்ணையின் இருண்ட பக்கத்தை மறைத்தால் குழந்தைகளுக்குத் துரோகம் செய்தவனாவேன். சோம்பிய பிள்ளையை இரண்டு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும், விடாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் செய்வதும் வழக்கமான தண்டனைகளாயிருந்தன. தொங்கவிடும் தண்டனைக்குப் பெயரான கோதண்டம் என்ற சொல்லைக் கேட்டாலே கிழவர்களும் கையைத் தடவிக்கொண்ட காலம் உண்டு. நூற்றுக்கணக்கான செய்யுட்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு அவற்றின் பொருள் கிளிக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது என்று காம்பெல் கூறுவது, மனப்பாடத்துக்கு நான் மேலே சொன்ன நியாயத்தையும் மீறி நிற்கும் குற்றச்சாட்டு. பெண்குழந்தைகள் மிகச் சொற்பம். வந்தவர்களிலும் பலர் கோயில் நாட்டியப் பெண்களின் குடும்பத்தார். சேரியில் பிறந்த குழந்தைக்கோ பெரும்பாலான ஊர்களில் திண்ணைக்கு எதிரே தெருவில் நிற்கவும் உரிமையில்லை. தெருவெல்லாம் கேட்ட அந்தக் குரல் அதன் காதுக்கு எட்டவில்லை. பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில், பஞ்சமர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அம்மக்களுக்கென்று இலவசப் பள்ளிக்கூடம் திறந்தது போன்ற முயற்சிகள் வரும்வரை, பாதிரிமார் பள்ளிகள் நீங்கலாக, அக்குழந்தைகளுக்கு முதல் வருஷம் என்ற ஒன்றே இல்லை. இதை நினைக்கும்போது, திண்ணையின் அருமையைப் பேசும் நாக்கு சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.

வறுமையும் பிள்ளைகளைத் திண்ணையிலிருந்து இறக்கியது. ஏறக்குறையப் பத்து லட்சம் ஜனங்களிருந்த பெல்லாரி ஜில்லாவில் அன்று ஏழாயிரம் பிள்ளைகள்கூடப் பள்ளியில் இருக்கவில்லை. முன்பு பள்ளிக்கூடமிருந்த கிராமங்கள் பலவற்றில் அப்போது அது இருக்கவில்லை. பிஞ்சுக் கைகால்கள் சிறிதளவு வேலைக்கு உதவும் பருவம் வந்ததுமே பெற்றோர்க்குப் பிள்ளையின் உழைப்பு தேவையாகிவிடுகிறது என்று காம்பெல் எழுதினார். அந்த அறிக்கைக்கு முழுமையான பதில் கிடைக்க நூற்றுமுப்பது வருஷங்களுக்குமேல் ஆயிற்று. 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோதுதான், பசித்த பிள்ளையின் தாய் அதைப் பள்ளிக்கூடத்தில் வைக்கத் துணிந்தாள்.

திண்ணை மறைந்தது ஒரேநாளில் அன்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் பாலபாடங்களை அச்சிட்டு, சிறுவர் பொருளுணர்ந்து படிப்பதற்கான வசன நடையை அமைத்துக் கொடுத்தார். ஓலைபோய்ச் சிலேட்டும் பலப்பமும் வந்தன. கோவையிலையால் சிலேட்டைத் தேய்த்துக் கறுப்பாக்கிய கை, மணலைத் தடவிய கையின் பேரன் கைதான். 1854ஆம் வருஷத்துக் கல்விச் சாசனத்துக்குப்பின் சர்க்கார் உதவித்தொகையும், பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி உபாத்தியாயருக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடும் வந்தன. வாசலில் வந்து நிற்கும் தாயாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உபாத்தியாயர், வருஷத்துக்கொருமுறை வரும் பரீட்சை அதிகாரியின் முகத்தைப் பார்க்கவேண்டியவரானார். கட்டடம் எழுந்தது, மதில் எழுந்தது, மணி அடித்தது. வெயிலும் மழையும் படாத இடமும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆணும் பெண்ணுமாகச் சமமாக உட்காரும் பலகையும் கிடைத்தன. அவற்றைக் கொடுத்து முன்பிருந்ததை மீட்கவேண்டும் என்று மனச்சாட்சியுள்ள எவரும் கேட்கமாட்டார். மதிலுக்கப்பால் குரல் கேட்காமற் போயிற்று என்பது மட்டும் உண்மை.

கேட்டுக்கொண்டிருந்த தாய் எதையெல்லாம் அறிந்திருந்தாள்! நேற்றுவரை முறையில் உரக்கச் சொன்ன பிள்ளையின் குரல் இன்று தாழ்ந்திருக்கிறதென்றால், அது காய்ச்சலா பயமா என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டத்தோடு சொல்லும்போது ஓடும் வாய் தனியே சொல்லும்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. பெரிய பையன் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறானா, அதட்டுகிறானா என்று தெரிந்தது.

விஜயதசமியன்று திருவாரூர் ஜில்லாவில் பூந்தோட்டத்தையடுத்த கூத்தனூர்ச் சரஸ்வதி கோயிலுக்குப் போனால், பழைய வழக்கத்தின் முதல் காட்சியை இன்றும் காணலாம். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தகப்பனாரோ பாட்டனாரோ உட்கார்ந்திருக்கிறார்; எதிரே தட்டில் அரிசி; பிள்ளையின் சுண்டு விரலைப்போன்ற ஆட்காட்டி விரலைத் தம் பெரிய விரல்களுக்குள் அடக்கி 'அ' என்று இழுக்கிறார். சில பிள்ளைகளின் விரல் குச்சிபோல விறைத்து நிற்கிறது. சிலவற்றின் விரல் வளைந்து வழுக்கி அரிசிக்குள் புதைகிறது. எங்கோ ஒரு பிள்ளையின் விரல் பாதிவழியில், பிடித்த கையைத் தானே இழுத்துக்கொண்டு போகத் தொடங்குகிறது. பார்த்து நிற்கிற நமக்கு எல்லா எழுத்தும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பிடித்திருக்கிற கை மட்டும், எந்த இடத்தில் அந்த விரல் தயங்கிற்று என்பதை அறிந்து, அங்கே சற்று நின்று, மறுபடியும் மெல்ல இழுக்கிறது.